செம்பருத்தியில் மொட்டு உதிர்கிறதா, டீ கசக்கிறதா? எங்கே பார்ப்பது, என்ன செய்வது

செம்பருத்திக்கு ஏதாவது கோளாறு என்றால் பலரும் முதலில் தேடுவது மருந்துப் புட்டியைத்தான். அழகுக்காக மட்டும் வளர்ப்பவர் அப்படிச் செய்துவிட்டுப் போகலாம். பூவைப் பறித்துச் சாப்பிடுகிறவரால் முடியாது. இன்று தெளித்தது நாளை மலரப்போகும் மொட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பூவின் ஆயுளோ பெரும்பாலும் ஒரே நாள். மருந்து மங்கும்வரை பூவைக் காத்திருக்க வைக்க முடியாது. அதனால் கீழே எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான்: முதலில் கண், அப்புறம் தண்ணீரும் கத்தரியும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் தெளிப்பு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டு ஈரம் பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கோளாறு முதலில் தோன்றியது நுனியில் உள்ள புதிய இலையிலா, அடியில் உள்ள பழைய இலையிலா என்று பாருங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

இலை மஞ்சளாகிறது

அடியில் உள்ள ஓரிரண்டு பழைய இலைகள் மட்டும் முழுதாக மஞ்சளாகி விழுகின்றன, நுனி பச்சையாக வளர்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வயதான இலைகளைச் செடி தானே உதிர்த்துவிடும். வெயில் மாறும்போது, இடம் மாற்றும்போது, திடீர்க் குளிரில் பத்துப் பதினைந்து இலைகள் ஒரேயடியாக மஞ்சளாவதும் உண்டு. இரண்டு வாரத்தில் புதிய தளிர் வந்தால் விஷயம் முடிந்தது.

பழைய இலைகள் வரிசையாக, ஒரே சீராக வெளிறிக்கொண்டே வந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை உருவித் தளிருக்கு அனுப்புகிறது. நன்கு மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கைப்பிடி போட்டு மேல்மண்ணோடு கிளறிவிட்டால் போதும்.

பழைய இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து, நடுவில் உள்ள பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் போதவில்லை. எப்சம் உப்பு ஒரு டீஸ்பூன் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுங்கள். மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

அதே பச்சை நரம்பு, மஞ்சள் இலை என்ற கோலம் நுனித் தளிரில் வந்தால் கதையே வேறு. அது இரும்புச்சத்துப் பிரச்சினை. இரும்பு செடிக்குள் எளிதில் இடம் மாறாது, அதனால் குறை புதிய இலையில்தான் தெரியும். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. செம்பருத்தி லேசான அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்புகிறது. பி.எச். அளவு 6-க்கும் 6.8-க்கும் இடையில் இருந்தால் அதற்கு வசதி. உப்புக் கலந்த கடினத் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றும்போது தொட்டி மண் மெல்லக் காரப் பக்கம் சாய்ந்துவிடும். இந்த நிலையில் நல்லது என்று நினைத்து மரச்சாம்பலும் முட்டை ஓடும் போடுகிறவர்கள் நிறைய. இரண்டுமே காரத்தைத்தான் கூட்டும். உடனே நிறுத்துங்கள். தொட்டிச் செடி என்றால் பாதி மண்ணை மாற்றி மட்கு கலந்து நிரப்புவதுதான் நல்ல வழி. அவசரத்துக்குக் கீலேட் வடிவ இரும்பு, அதாவது வேர் எடுக்கும்படி கரைந்தே இருக்கும் இரும்பு, கொடுக்கலாம். மண் காரமாக இருந்தால் இ.டி.டி.எச்.ஏ. வகைதான் வேலை செய்யும். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் வீணாகிவிடும்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள 'பூ உரம்' போட்டாலும் இதே மஞ்சள் வரும். செம்பருத்திக்கு மணிச்சத்து கொஞ்சமே தேவை. அதிகமானால் இரும்பை வேரில் தடுத்துவிடும். உரப் பையில் மூன்று எண்கள் இருந்தால் நடு எண்ணான மணிச்சத்து மிகச் சிறியதாகவும், கடைசி எண்ணான சாம்பல்சத்து (பொட்டாசியம்) தாராளமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

இதைப் பார்த்தவுடன் கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போகும். அங்கேதான் செடி சாகிறது. ஈர மண்ணில் வாடினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். காற்று இல்லாமல் மூச்சுத் திணறிய வேரால் பக்கத்தில் இருக்கும் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது.

செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். பழுப்பாக, நசுக்கினால் தோல் கழன்று வருவது போனது. போனதை எல்லாம் வெட்டி எடுங்கள். வேர் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு மேலே கிளையையும் குறையுங்கள். பாதி வேரால் முழுச் செடிக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. மணலோ தேங்காய் நார்க் கழிவோ கலந்த புதிய மண்ணில், வேர்ப்பந்தை விடக் கொஞ்சமே பெரிய தொட்டியில் வைத்து நிழலில் விடுங்கள். புதுத் தளிர் எட்டிப் பார்க்கும்வரை உரம் கூடாது.

மதியம் வாடி மாலையில் தானாக நிமிர்ந்தால் அது நோயல்ல, வெயிலின் வேகம்தான்.

செழிப்பாக இருக்கிறது, ஒரு பூ இல்லை

முதல் கேள்வி வெயில். நேரடி வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். நிழலில் இலை பெரிதாகி, கரும்பச்சையாகி, கணுக்களுக்கு இடையே நீண்டு செடி அழகாகவே இருக்கும். பூ மட்டும் வராது.

வெயில் போதும் என்றால் கவாத்தைப் பாருங்கள். செம்பருத்தி புதிய கிளையில்தான் பூக்கும். இரண்டு வருடம் வெட்டாத செடியில் பழைய மரத்தண்டு நீண்டுகொண்டே போய் நுனியில் மட்டும் நாலு இலை நிற்கும். மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டியபின் பூ திரும்ப வர இரண்டு மூன்று மாதம் ஆகும், பதற வேண்டாம். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டாமல் மாதத்துக்குச் சில என்று வெட்டினால் சமையலுக்குப் பூ நிற்காமல் கிடைக்கும். குளிர் காலம் நெருங்கும்போது வெட்டாதீர்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தளிர் கருகும், உறைபனி பட்டால் செடியே போய்விடும்.

மிச்சம் இருப்பது தழைச்சத்து அளவுக்கு மீறியது. உரத்தை ஒன்றரை மாதம் நிறுத்திப் பாருங்கள்.

மொட்டு மலராமலே உதிர்கிறது

செம்பருத்தி வளர்ப்பவரை அதிகம் வருத்துவது இதுதான். காரணங்கள் பல, அறிகுறி ஒன்று.

உதிர்ந்த மொட்டை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நான் ஒரு பருவம் முழுக்கத் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளந்து பார்த்த நாளில்தான் உள்ளே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிவது தெரிந்தது. கையில் வைத்தால் சுருண்டு துள்ளிக் குதித்தன. அது மொட்டு ஈயின் புழு. கொசுவைவிடச் சிறிய அந்த ஈ, மொட்டின் நுனியில் முட்டை வைக்கும். புழு உள்ளே தின்னும், மொட்டு மஞ்சளாகிக் கீழே விழும், புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டி மறுபடி ஈயாக வரும். முழுச் சுற்றும் மூன்று வாரம் போல.

இந்தச் சுற்றை அறுக்க மருந்து தேவையில்லை. புழு மொட்டுக்குள் பத்திரமாக இருப்பதால் மேலே தெளிப்பது அதைத் தொடாது. விழுந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்குங்கள், செடியில் மஞ்சளாகத் தொடங்கியவற்றையும் கிள்ளுங்கள். பையில் கட்டி வெயிலில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தொற்று கடுமையாக இருந்தால் எல்லா மொட்டுகளையும் ஒரே நாளில் கிள்ளி எடுத்துவிடுவதுதான் விரைவான வழி. மனம் ஒப்பாது, ஆனால் மூன்று நான்கு வாரம் விடாமல் பொறுக்கினால் அடுத்த மொட்டுகள் தப்பும். பல அடுக்குப் பூ வகைகளை இது அதிகம் தாக்குகிறது. சாப்பிடுவதற்கென்றே நடுவதாக இருந்தால் ஐந்து இதழ் ஒற்றைப் பூவை நடுங்கள், கழுவுவதும் எளிது.

பிளந்த மொட்டுக்குள் புழு இல்லை, இதழில் வெளிறிய கீறல்கள், வெள்ளைத் தாளில் தட்டினால் நூல் போன்ற மெல்லிய பூச்சிகள் ஓடுகின்றன என்றால் இலைப்பேன். பாதிக்கப்பட்ட மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, செடி முழுதும் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

மொட்டு சுத்தமாக இருந்தால் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஒரு தடவை நன்றாகக் காய்ந்து, மறுநாள் வெள்ளமாக நனைந்தாலே மொட்டுகளைச் செடி கைவிடும். கடும் கோடையிலும், தொட்டியை இடம் மாற்றியபின்னும் ஒரு வாரம் உதிர்வது இயல்பு. மொட்டு வந்த தொட்டியை நகர்த்தாதீர்கள்.

நுனி சுருண்டு கொத்தாகிவிட்டது, வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது

மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி சாறு உறிஞ்சும்போது செடிக்குள் விடும் எச்சில் நுனியின் வளர்ச்சியையே முறுக்கிவிடும். இலைகள் சின்னதாகி, நெருங்கி, கோஸ் போலக் குவியும். அந்த நுனி இனி நேராகாது. குவிந்த இடத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டி, பையில் கட்டி அழித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். மறுநாள் பீய்ச்சும் தண்ணீர். வாரம் இரண்டு முறை, நாலு வாரம்.

எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், இரைதின்னிகளை விரட்டும். எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. அடித்தண்டில் துணி சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். கிளைகள் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேய்க்கும் முன் இன்னொன்று. பஞ்சு போர்த்திய பூச்சிகளில் சில மற்றவற்றைவிடப் பெரிதாக, வேகமாக நடந்துகொண்டிருந்தால் அவற்றைக் கொல்லாதீர்கள். அவை கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சி போலவே வேடம் போட்டு மாவுப்பூச்சியையே தின்னும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வண்டு அது. 1994-இல் கிரெனடா தீவில் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி பரவி, அங்கிருந்து கரீபியன் தீவுகளில் செம்பருத்தி வேலிகளை அழித்தபோது இந்த வண்டும், அனாகைரஸ் என்னும் சிறு குளவியும்தான் அதை அடக்கின. இவை உங்கள் செடிக்கு வந்திருந்தால் பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

பஞ்சும் பூச்சியும் இல்லாமலே இலை சுருண்டு, அடிப்பக்க நரம்பு தடித்திருந்தால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. செடியை எடுத்துவிடுவது பக்கத்தில் உள்ள வெண்டைக்கும் நல்லது. இரண்டும் ஒரே குடும்பம், நோயும் பூச்சியும் பகிர்ந்துகொள்ளும்.

இலையில் கரி படிந்தாற்போல இருக்கிறது

கரும்பூசணம். மேலே எங்கோ அசுவினியோ வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ சொட்டும் இனிப்பின் மேல் வளர்கிறது. பூச்சியை எடுத்தால் இதுவும் போகும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

இலை மேலே ஊசி குத்தியது போலப் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை இருந்தால் சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் பெருகும். அடிப்பக்கம் நனைய தினமும் தண்ணீர் பீய்ச்சினால் ஒரு வாரத்தில் குறையும்.

இதற்கெல்லாம் அடங்காதபோது வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்கு மென்மையான திரவ சோப்பு ஒன்றிரண்டு மில்லி. மாலையில், முதலில் இரண்டு இலைகளில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு. தெளித்தபின் ஒரு வாரம் வரும் பூக்களைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

சிவப்பு வாங்கினேன், இப்போது வேறு பூ பூக்கிறது

ஒட்டுச் செடியாக இருக்கும். ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பிய அடிச்செடியின் கிளை மேல் செடியை முந்திவிட்டது. இலை வடிவம் வேறாக உள்ள கிளையைப் பின்தொடர்ந்து கீழே போனால் தெரியும். அடியோடு நீக்குங்கள். நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியோ அடர்ந்தோ தெரிந்தால் அது வெப்பத்தால் வரும் மாற்றம்.

புதிதாக வாங்கிய செடியின் பூவைச் சாப்பிடலாமா?

உடனே கூடாது. அழகுச் செடியாக விற்பதற்கு வளர்த்ததில் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லி கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. அது வேர் வழியாகத் தண்டு, இலை, பூ எல்லாவற்றிலும் பரவும், கழுவினால் போகாது. மாதக்கணக்கில் தங்கக்கூடியது. மண்ணை முடிந்தவரை மாற்றி, கவாத்து செய்து, ஒரு வருடம் பூவை ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அவசரம் என்றால், மருந்தே காட்டாத ஒரு செடியிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி வாங்கி நடுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும். சாலையோர வேலியில், பூங்காவில் பறித்ததையும் சாப்பிட வேண்டாம். அங்கே என்ன அடித்தார்கள், என்ன புகை படிந்தது என்று நமக்குத் தெரியாது.

டீ போட்டேன், புளிப்பே இல்லை

செடியில் கோளாறு இல்லை, செடியே வேறு. கடையில் ஹைபிஸ்கஸ் டீ என்று விற்கும் புளிப்பான, ரத்தச் சிவப்பு டீ, ரோசெல் எனப்படும் செடியிலிருந்து வருகிறது. ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்பது அதன் தாவரப் பெயர். அதில் பயன்படுவது இதழும் இல்லை. பூ விழுந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பிடிப்பாகச் சிவக்கும் புல்லிவட்டம். வீட்டுச் செம்பருத்தி ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ். இதழின் சுவை மென்மையானது, கிட்டத்தட்ட சுவையற்றது என்றுகூடச் சொல்லலாம். அதன் புல்லிவட்டத்தை வேகவைத்தால் புளிப்பு வராது. புளிப்பு வேண்டுமென்றால் ரோசெல் விதை போடுங்கள். ஒரு பருவச் செடி, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும் என்பதை மனதில் வைத்து முன்கூட்டியே விதைக்க வேண்டும்.

டீ ஊதாவாக, அழுக்காகத் தெரிகிறது

கெட்டுப்போகவில்லை. சிவப்பு இதழில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, அமிலத்தில் சிவக்கும், அமிலம் இல்லாதபோது ஊதா பக்கம் போகும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கண்ணெதிரே பளிச்சென்று சிவக்கும். குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு விடுங்கள், அந்த முகங்களைப் பார்க்கவே இன்னொரு தடவை போடத் தோன்றும். இரும்புப் பாத்திரத்தில் போட்டால் கறுக்கும். கண்ணாடி, பீங்கான் நல்லது. மஞ்சள் பூவில் போட்டால் நிறம் பெரிதாக இறங்காது. அதன் மஞ்சளுக்குப் பெரும்பங்கு காரணம் கரோட்டினாய்டு, அது தண்ணீரில் கரையாது.

டீ கொழகொழ என்று இருக்கிறது

வெண்டைக்காய்க் குடும்பம் அல்லவா, கொழகொழப்பு பிறவியிலேயே உண்டு. இதழைப் போட்டுக் கொதிக்க வைத்தால் அது முழுக்க இறங்கிவிடும். கொதித்த தண்ணீரை இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஒரு குவளைக்கு நாலைந்து பூவின் இதழ் போட்டு, ஐந்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். வடிகட்டும்போது பிழிய வேண்டாம். கசக்கினால் மறுபடி கொழகொழக்கும்.

பூ கசக்கிறது, துவர்க்கிறது

பெரும்பாலும் இதழ் தவிர்த்த பாகங்கள். பச்சைப் புல்லிவட்டம், நடுவில் நீட்டிய மகரந்தக் காம்பு இரண்டையும் நீக்கி இதழை மட்டும் எடுங்கள். மகரந்தம் கசப்பதோடு ஒவ்வாமை உள்ளவருக்குத் தொண்டையும் அரிக்கலாம். இதழின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் வெளிர் நுனியையும் கிள்ளிவிடலாம். இவ்வளவு செய்தும் கசந்தால், யாராவது வேப்பெண்ணெய் தெளித்தார்களா என்று கேளுங்கள்.

பறிக்கும் நேரமும் முக்கியம். பூ முழுதாக விரிந்த காலைப்பொழுதில் பறியுங்கள். மாலையில் சுருங்கத் தொடங்கியதில் கொழகொழப்புதான் மிஞ்சும். எறும்பு, சிறு வண்டு இருந்தால் காம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டி, குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதும். ஊறவைத்தால் நிறம் போய்விடும்.

காயவைத்த இதழ் பழுப்பாகிறது, பூஞ்சை பிடிக்கிறது

பழுப்பு வெயிலில் போட்டதால், பூஞ்சை குவித்துப் போட்டதால். இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் துணி மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். விரலில் நொறுங்கும்வரை காய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. புட்டியில் போட்ட மறுநாள் கண்ணாடியில் உள்ளே பனித்திருந்தால் உடனே வெளியே கொட்டி மறுபடி காயவையுங்கள். ஒரு இதழில் பூஞ்சை தெரிந்தாலும் முழுப் புட்டியையும் கொட்டிவிடுங்கள்.

சாப்பிட்டபின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை

முதல் தடவை ஒரு பூவுக்கு மேல் வேண்டாம். அரிப்பு, வயிற்றுக் கலக்கம் வந்தால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்கிறவர்களும் செம்பருத்தியை உணவாகச் சேர்க்காமல் இருப்பது நல்லது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் கருத்தரிப்பைத் தடுக்கும் தன்மை காணப்பட்டிருக்கிறது. ரோசெல் டீ இரத்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் அதைத் தினசரி பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.